நோய் இன்னதென்று தெரியாத நாள்கள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில், பிற்பகல் அரங்கில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடை என்றால் சிலம்பும் கம்பனும் பேசப்படுவதே நம் சங்கத்தின் வழக்கம். எனக்கு முன் பேசிய நண்பர் நம்மையெல்லாம் கண்ணகியோடு மதுரைக்கு அழைத்துச் சென்றார். நானோ உங்களை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டியவனாக இருக்கின்றேன். செயலாளர் அவர்கள் கேட்டுக்கொண்டதன்பேரில் இதற்கு உடன்பட்டேன். சென்ற ஓராண்டில் நம் சங்கத்துக் குடும்பங்களில் மூவருக்கு நுரையீரலில் ‘நாட்யூல்’ இருப்பதாக மருத்துவர்கள் கூறியுள்ளனர். அம்மூவரில் நானும் ஒருவன். என் நோய் இன்னதென்று இன்றளவும் எனக்குத் தெரியாது. தெரியாத நிலையில் நின்றே பேசுகின்றேன். தெரிந்தபின் பேசினால் அப்பேச்சு வேறுவிதமாக அமைந்துவிடும் என்று செயலாளர் கருதுகின்றார். அவர் கருத்து சரியென்றே எனக்கும் படுகிறது.

நுரையீரல் நோய்க்கும் இப்புனே வட்டாரத்துக்கும் தமிழர் நெஞ்சில் ஓர் உறவு உண்டு. ‘ராஜமுக்தி’ என்னும் திரைப்படத்துக்கு உரையாடல் எழுதுவதற்காகப் புனே வந்திருந்த காலத்தில்தான் புதுமைப்பித்தனைக் காசநோய் கடுமையாகப் பற்றியது. இங்கிருந்து திரும்பியவர் 1948 ஜூன் 30-இல் திருவனந்தபுரத்தில் காலமானார். அவருக்கு வயது 42. ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து காசநோயைத் தணிப்பதை இங்கிலாந்தின் மருத்துவ ஆய்வுக் கழகம் முறையாகச் சோதித்து வெளியிட்டதும் அதே 1948-ஆம் ஆண்டின் பிற்பகுதியில்தான். சில மாத இடைவெளி! அக்காலத்தில் மார்புநோய் என்றால் காற்றும் பாலும் முட்டையும் ஓய்வுமே மருந்து. அதனாலன்றோ இம்மலைத் தொடரிலேயே, பஞ்சகனியில், டாக்டர் பில்லிமோரியா 1912-இல் சானடோரியம் அமைத்தார். எங்கள் கொங்கு நாட்டில் பெருந்துறைச் சானடோரியத்தை அறியாதவர் இலர். என் சிறிய தந்தையார் அங்கே பல மாதம் இருந்தார். அவர் பெயரைச் சொல்லும்போது எங்கள் வீட்டில் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். ஆனால் அவர்க்கு இருந்தது இன்ன நோய் என்பதில் யாருக்கும் ஐயம் இருந்ததில்லை. இன்று நான் பேசப்போவது அந்த ஐயத்தைப் பற்றியே.

‘நாட்யூல்’ என்பது யாது? நுரையீரலின் படத்தில் வெண்மையாகத் தோன்றும் சிறு உருண்டை. 3 செண்டிமீட்டர் வரை உள்ளதை அப்பெயரால் அழைப்பர். அதற்கு மேற்பட்டதைக் கட்டி என்பர். நம் வீட்டு அளவையில் சொன்னால், மிளகு முதல் நெல்லிக்காய் வரை. எனக்கு இருப்பது 9 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒரு கொண்டைக்கடலை. தமிழில் இதனைக் கணு எனலாம், முடிச்சு எனலாம். படமெடுக்கும் நிலையத்தில் இருந்த மராட்டிய இளைஞர் ‘காட்’ என்றார். அம்மொழியில் அச்சொல்லுக்கு முடிச்சு என்றும் பொருள். ஒருவரை ஒருவர் சந்திப்பதையும் அச்சொல்லால் குறிப்பர். எதிர்பாராத சந்திப்புத்தான், ஐயமில்லை.

நான் மார்புநோயென்று எவரிடமும் சென்றவனல்லன். சோமாட்டணே நாற்சந்தி அருகே வண்டி சறுக்கி விழுந்தேன்; விலா எலும்பு முறிந்ததா என்று பார்க்கச் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். எலும்புக்குக் கேடில்லை. வலப்புற நுரையீரலின் மேற்பகுதியில் இக்கொண்டைக்கடலை அகப்பட்டது. இப்படி வேறொன்றைத் தேடும்போது அகப்படுபவையே மிகப் பல. கொரோனாக் காலமாகிய 2020, 2021-ஆம் ஆண்டுகளில் மார்பை ஸ்கேன் எடுத்துக்கொண்டவர் எத்தனை பேர்! அவர்களுள் பலர் கொரோனா நீங்கியபின் இத்தகைய கணு ஒன்றைக் கையில் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினர்.

கணு பல காரணத்தால் உண்டாகும். என்றோ வந்து தானே ஆறிய காசநோயின் வடு கணுவாக நிற்கும். உலகில் காசநோய் பெறுவோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர் ஆதலின், நம் நாட்டில் இது மிகுதி. இன்னும் ஆறாத காசநோயும் கணுவாகத் தோன்றும். பூஞ்சைத் தொற்றும் அவ்வாறே. வார்ப்படசாலையிலும் கல்லுடைக்கும் களத்திலும் மணல்தூசியை ஆண்டுக்கணக்கில் சுவாசித்தவர்க்கும் கணுக்கள் உண்டாகும். நான் கோவையில் ஒன்பது ஆண்டும், போசரியில் இருபத்திரண்டு ஆண்டும் வார்ப்படத் தொழிலில் இருந்தவன். புற்றுநோயும் கணுவாகவே தொடங்கும். புகை பிடித்தவர்க்கு அவ்வச்சம் மிகுதி. பிடியாதவர்க்கு இல்லையென்றும் சொல்வதற்கில்லை.

இத்தனைக்கும் படத்தில் ஒரே வெண்மைதான்! விளிம்பு வழவழப்பாக இருந்தால் ஒரு குறிப்பு. முள்முள்ளாக இருந்தால் ஒரு குறிப்பு. உள்ளே சுண்ணாம்பு படிந்திருந்தால் பெரும்பாலும் பழைய வடு. ஆயினும் குறிப்பு என்பது தீர்ப்பாகாது.

‘அப்படியானால் குத்தி எடுத்துச் சோதித்துவிட வேண்டியதுதானே?’ என்று நீங்கள் கேட்கலாம். கோவையிலிருந்து என் மைத்துனர் தொலைபேசியில் நாள்தோறும் இதையே கேட்டார். மருத்துவர் கூறிய விடையை இங்கே சொல்கின்றேன். ஊசி செலுத்தி எடுப்பதில், நுரையீரலிலிருந்து காற்றுக் கசிந்து மார்புக்கூட்டில் நிரம்பும் இடர் உண்டு. சிறிய கணுவில் ஊசி இலக்குத் தவறுவதும் உண்டு. ‘பெட்’ ஸ்கேன் என்று ஒன்று உள்ளது. சர்க்கரையை மிகுதியாக உண்ணும் திசு அதில் ஒளிரும். புற்றுநோய் ஒளிரும், ஆனால் ஆறாத காசநோயும் ஒளிரும். அமெரிக்கப் புத்தகத்தில் அது தரும் தெளிவை நம் நாட்டில் அப்படியே எதிர்பார்த்தல் இயலாது. ஆகவே சளிச் சோதனை செய்தார். அதில் காசக் கிருமி காணப்படவில்லை. மூன்று திங்கள் கழித்து மீண்டும் ஸ்கேன் எடுப்போம் என்றார்.

மூன்று திங்கள்! அச்சொல்லைக் கேட்டதும் எனக்குச் சினமே வந்தது. ஏதோ வரிசையில் நிறுத்திவிட்டார்கள் என்றே எண்ணினேன். அது வரிசையன்று, அதுவே ஒரு சோதனை என்பதை அம்மருத்துவர் ஒரு தாளில் வட்டம் வரைந்து விளக்கினார். அதனை உங்களிடம் கூறுவதற்காகவே இவ்வுரைக்கு இசைந்தேன் என்றாலும் தகும்.

ஓர் உருண்டையின் பருமன் இருமடங்கு ஆவதற்கு அதன் குறுக்களவு இருமடங்கு ஆக வேண்டியதில்லை. ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு கூடினால் போதும். 9 மில்லிமீட்டர்க் கணு இருமடங்காகப் பெருத்தாலும் படத்தில் 11-ஐச் சிறிதளவே கடந்திருக்கும். இரண்டு மருத்துவர் ஒரே கணுவை அளந்தால் ஒரு மில்லிமீட்டர் முன்பின் ஆவதும் இயல்பு. எனவே பதினைந்து நாளில் மறுபடம் எடுத்தால், தெரிவது வளர்ச்சியா, அளவுகோலின் பிழையா என்று எவரும் கூற முடியாது. புற்றுக்கணுக்களிற் பெரும்பாலானவை இருமடங்காவதற்கு ஏறத்தாழ ஒரு திங்கள் முதல் நானூறு நாள் வரை கொள்கின்றன. கிருமித்தொற்று அதனினும் விரைவாக மாறும். சில வாரத்தில் சுருங்குவதும் உண்டு. வடு மாறுவதே இல்லை. கெட்டியான கணு ஒன்று ஈராண்டு மாறாதிருந்தால் அது தீயதன்று என்றே கொள்வர். மங்கலான பனிப்படலம் போன்ற கணுவுக்கு மட்டும் ஐந்தாண்டு வரை காவல் வேண்டும். படக்கருவி காட்டாத வேற்றுமையைக் காலம் காட்டுகிறது. வள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தில், மருத்துவன் கருத வேண்டியவற்றுள் நோயாளியையும் நோயின் அளவையும் சொன்னதோடு நில்லாமல் காலத்தையும் சேர்த்தார். அக்காலம் என்பதற்கு உரையாசிரியர் கூறும் பொருள் வேறாக இருக்கலாம். எனக்கு அன்று தோன்றிய பொருள் இதுவே.

இக்கால அளவுகளை மருத்துவர் தம் விருப்பம்போல் வைப்பதில்லை. ஃபிளைஷ்னர் கழகம் என்னும் மார்புப்பட வல்லுநர் கழகம் 2017-இல் திருத்தி வெளியிட்ட வழிமுறை உண்டு. 6 மில்லிமீட்டருக்குக் குறைந்த கெட்டியான ஒற்றைக் கணு, வேறு ஆபத்துக் காரணம் இல்லாதவர்க்கு இருந்தால், தொடர்ந்து படம் எடுக்கவே வேண்டியதில்லை என்கிறது அது. 6 முதல் 8 வரை உள்ளதற்கு ஆறு திங்கள் முதல் ஓராண்டுக்குள் மறுபடம். 8-க்கு மேற்பட்டால் மூன்று திங்களில் மறுபடம், அல்லது பெட் ஸ்கேன், அல்லது திசுச் சோதனை. முப்பத்தைந்து வயதுக்குக் கீழ்ப்பட்டவர்க்கும், முன்னரே புற்றுநோய் உள்ளவர்க்கும், உடலின் எதிர்ப்பாற்றல் குன்றியவர்க்கும் இக்கணக்குப் பொருந்தாது. அன்பர்கள் இதைக் கேட்டுவிட்டுத் தம் வீட்டு ஸ்கேனைத் தாமே அளக்க வேண்டா.

இன்னொரு கணக்கும் சொல்கின்றேன். அமெரிக்காவில் நெடுநாள் புகை பிடித்த 53,000-க்கு மேற்பட்டவரைக் கொண்டு நடத்திய பெரும் ஆய்வு ஒன்று 2011-இல் வெளியாயிற்று. சி.டி. படத்தில் ‘ஐயத்துக்குரியது’ என்று குறிக்கப்பட்டவற்றுள் நூற்றுக்கு 96-க்கு மேல் புற்றுநோய் அல்ல என்றே முடிந்தது. இவ்வெண்ணை நான் சில நாள் தாயத்தைப்போல் கட்டிக்கொண்டு திரிந்தேன். பிறகு என் மகள், அவ்வெண் மிளகளவுக் கணுக்களையும் சேர்த்துக் கணக்கிட்டது, கணு பெரிதாகப் பெரிதாக அச்சமும் கூடும் என்று எடுத்துக்காட்டினாள். அவள் சொன்னது உண்மை. நூற்றில் இத்தனை என்பது நூறு பேரைப் பற்றிய செய்தி. படுக்கையில் விழித்துக் கிடப்பவன் ஒருவன்தான். அந்த ஒருவனுக்கு நூற்றில் நான்கும் முழுமையே. எனினும், இரவு இரண்டு மணிக்கு மனம் அதனை நூற்றில் நூறாக்கிக் காட்டும்பொழுது, ‘அவ்வாறன்று’ என்று மறுத்துச் சொல்ல அவ்வெண் துணை நிற்கத்தான் செய்தது.

ஸ்கேன் அறிக்கையின் மொழியைப் பற்றியும் ஒரு சொல். அறிக்கையை நம் கையில் கொடுத்துவிடுகின்றனர். மருத்துவரைக் காண்பதோ மூன்று நாள் கழித்து. இடையில் நாமே படிக்கின்றோம். ‘புற்றுநோய் இல்லையென்று தள்ளிவிட முடியாது’ என்று அதில் எழுதியிருக்கும். இது ஆவணப் பதிவாளர் எழுதும் வாசகம் போன்றது. எழுதுவோர் தம் கடமைக்காக எழுதுவது. ‘புற்றுநோய் உள்ளது’ என்று நாம் அதனை மொழிபெயர்த்துக்கொள்கின்றோம். அறிக்கை வந்த அன்று மாலை லோனாவளா மின்தொடர்வண்டியில் அத்தாளை மடித்தும் விரித்தும் நான் பத்து முறையாவது படித்திருப்பேன். தளேகாவ் நிலையம் வந்ததே தெரியவில்லை. வட்காவ் போய்த் திரும்பினேன். கைப்பேசியில் தேடினால் இன்னும் கேடு. அங்கே கணு என்று தேடியவன் கல்லறையில் போய் முடிகின்றான். என் துணைவியார் இரவு உணவுக்குப்பின் என் கைப்பேசியை வாங்கி அரிசிப் பாத்திரத்தின் பின்னே வைத்துவிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது.

பழைய படங்கள் பெருஞ்செல்வம் என்று மருத்துவர் கூறினார். பத்தாண்டுக்கு முன் எடுத்த படத்தில் இதே கணு இதே அளவில் இருந்தால் வழக்கு அன்றே முடிந்துவிடும். உடனே பரண்மேல் ஏறினோம். என் திருமணப் பட்டுப் பெட்டியின் அடியில் 2014-இல் தொழிற்சாலை எடுத்த எக்ஸ்-ரே கிடைத்தது. இவ்வூர் மழை நீங்கள் அறியாததா? ஈரம் பட்டுத் தாளுறையோடு ஒட்டிப்போயிருந்தது. மெல்லப் பிரித்துக் கொண்டுபோனோம். மருத்துவர் அதனை விளக்கொளியில் நெடுநேரம் பார்த்தார். இச்சிறு கணுவை எக்ஸ்-ரே காட்டவும் கூடும், காட்டாமலும் போகும் என்றார். ஆயினும் வேண்டிக் கேட்கின்றேன்: நம் வீடுகளில் மார்புப் படமோ, ஸ்கேன் தட்டோ எதுவிருந்தாலும் எறிந்துவிடாதீர்கள், பரணில் வையாது அலமாரியில் வையுங்கள்.

இனி உற்றார் உறவினர். அவர்கள் அன்பில் குறை காண்பது அறமன்று. ஆனால் ‘ஒன்றும் இருக்காது, கவலைப்படாதே’ என்னும் வாசகத்தை நம்மவர் கொஞ்சம் சுருக்கிக்கொள்ளலாம். ஒன்றும் இருக்காது என்பது அவர்க்கு எப்படித் தெரியும்? மருத்துவர்க்கே தெரியவில்லையே! அப்படிச் சொன்னவுடன் கேட்பவன் வாயை மூடிக்கொள்கின்றான்; அதற்கு மேல் அவன் தன் அச்சத்தைச் சொல்ல இடமில்லை. ஒருவர் உருளிகாஞ்சன் இயற்கை மருத்துவ ஆசிரமத்துக்குப் போகச் சொன்னார். அது 1946-இல் காந்தியடிகள் தொடங்கிய இடம், நல்ல இடமே. ஒருவர் பழனிக்கு நேர்ந்துகொண்டார். ஒருவர் ஆடாதோடை இலை அனுப்பினார். இவர்களையெல்லாம் வணங்குகின்றேன். எனினும் எனக்கு உதவியவர், நம் சங்கத்து நூலகப் பொறுப்பாளர். அவர் ஆறுதலே கூறவில்லை. ‘அடுத்த படம் என்றைக்கு?’ என்று கேட்டார். தம் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டார். பிறகு சங்கப் புத்தகக் கணக்கைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்.

மறதியும் ஒரு கேடு. அச்சத்தைவிடப் பெரிய கேடு. பக்கத்து நகரத்தில் எனக்குத் தெரிந்த ஒருவர், மறுபடத்துக்கு நாள் குறித்துக்கொண்டு வந்தவர், உடம்பு நன்றாயிருக்கிறதென்று போகாமலே இரண்டாண்டு கழித்தார். அதன் முடிவை விழா மேடையில் சொல்ல வேண்டா. அதேபோல் இடையில் சளியில் இரத்தம் கண்டாலோ, காரணமின்றி உடல் இளைத்தாலோ, குறித்த நாள் வரட்டும் என்று இருத்தல் கூடாது. அன்றே போக வேண்டும்.

தெரியாமையின் துன்பத்தை நினைக்கும்போது எனக்குக் கணிதமேதை இராமானுஜன் நினைவே வருகின்றது. அவர் 1917-இல் இங்கிலாந்தில் நோயுற்றார். குடற்புண் என்றனர் முதலில், காசநோய் என்றனர், வேறு பல பெயரும் சொன்னார்கள். மெண்டிப் குன்றுகளில் டாக்டர் சவுரி முத்து என்னும் தமிழர் நடத்திய சானடோரியத்தில் சில காலம் இருந்தார். 1914-இல் இராமானுஜன் சென்ற அதே கப்பலில் பயணம் செய்தவர் அந்த டாக்டர். பிற்காலத்தில், 1928-இல், தாம்பரம் சானடோரியத்தைத் தொடங்கியவரும் அவரே. பிறகு மாட்லாக், பிறகு புட்னி என இடம் மாறி, 1919-இல் தாயகம் திரும்பி, 1920 ஏப்ரல் 26-இல் சென்னைச் சேத்துப்பட்டில் இராமானுஜன் மறைந்தார். அவர் நோய் காசமன்று, ஈரலைப் பற்றிய அமீபா நோயாக இருக்கலாம் என்று 1994-இல் ஓர் ஆய்வாளர் எழுதினார். இன்றும் அது முடிந்த வழக்கன்று.

அவர் படுக்கையிலிருந்தே புதிய கணிதம் கண்டார், ஆகவே நாமும் ஊக்கம் கொள்ள வேண்டும் என்று சொல்ல நான் வரவில்லை. அவர் இராமானுஜன், நான் வார்ப்படத் தொழிலாளி. என் மனத்தைத் தைப்பது வேறு. அவர்க்கு நோயின் பெயர் மாறுந்தோறும் ஊர் மாறிற்று, உணவு மாறிற்று, குளிரில் திறந்த அறை வந்தது. காத்திருப்புக்கு ஒரு முடிவு நாளை எவரும் அவருக்குக் குறித்துக்கொடுக்கவில்லை. எனக்கு ஒரு நாள் குறித்துள்ளனர். அந்நாள் நல்ல செய்தி தரலாம், தீய செய்தி தரலாம், ‘இன்னும் மூன்று திங்கள்’ என்றும் சொல்லலாம். மூன்றாவதுதான் மிகவும் நேரக்கூடியது என்று மருத்துவர் முன்னரே சொல்லிவைத்தார். அதைச் சொன்னதற்காக அவர்க்கு நான் கடமைப்பட்டவன்.

அதே சேத்துப்பட்டில் இன்று காசநோய் ஆராய்ச்சித் தேசிய நிறுவனம் உள்ளது. 1956-இல் சென்னையில் தொடங்கிய சிகிச்சை ஆய்வு நிலையத்தின் வழிவந்தது அது. நோயாளரில் ஒரு பகுதியினரைத் தாம்பரம் சானடோரியத்திலும், மற்றொரு பகுதியினரை வீட்டிலும் வைத்து மருந்து கொடுத்துப் பார்த்தனர். நல்ல மருந்து முறையாகக் கிடைத்தால் நெரிசலான வீட்டிலும் நோய் குணமாகிறது. வீட்டாருக்கும் அதனால் கூடுதலான ஆபத்தில்லை என்று 1959 தொடங்கி உலகுக்குக் காட்டினர். மலைக்காற்றின் பெருமை அன்றோடு குறைந்தது. ஆனால் வீட்டில் மருந்து என்றால், வேளைக்கு மருந்தெடுத்துக் கொடுக்க வீட்டில் ஒருவர் வேண்டும். வள்ளுவர் மருந்தின் நான்கு கூறுகளுள் ஒன்றாக அருகிருந்து உதவுபவனையும் வைத்தார் அல்லவா?

செயலாளர் அவர்களிடம் நான் வைக்கும் வேண்டுகோள் இதுபற்றியதே. நம் ஊருக்குத் தமிழ்க் குடும்பங்கள் வந்த வண்ணம் உள்ளன. ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையை வாங்க ஹூண்டாய் 2023-இல் ஒப்பந்தம் செய்தபின், திருப்பெரும்புதூர்ப் பேச்சும் இங்கே கேட்கும் என்று எதிர்பார்க்கின்றோம். மகனோடு வந்து தங்கும் வயதான தாயும் தந்தையும் மராட்டியும் அறியார், இந்தியும் அறியார். மகன் ஆலையில், மருமகள் அலுவலகத்தில். மருத்துவர் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனைக்குப் போகச் சொன்னால் அவர்கள் யாரை அழைத்துச் செல்வர்? மருத்துவர் சொன்னதை உறுத்தாமல், ஆனால் ஒன்றையும் மறைக்காமல், தமிழில் எடுத்துச்சொல்ல ஒருவர் உடனிருக்க வேண்டும். கேட்க வேண்டிய வினாக்களை முதல்நாளே தாளில் எழுதித்தர வேண்டும். சங்கத்தில் இருவர் இதற்கு முன்வந்தால் போதும். மூன்றாமவனாக நான் இருக்கின்றேன், என்னால் இயலும் வரையில்.

என் மறுபடம் வரும் வியாழன் காலை ஒன்பது மணிக்கு. நூலகப் பொறுப்பாளர் என்னுடன் வர இசைந்துள்ளார். ஞாயிற்றுக்கிழமைப் பிள்ளைகளின் தமிழ் வகுப்பு எப்போதும்போல் பத்து மணிக்கு நடைபெறும். சென்ற வாரம் ‘ழ’கரம் தடுமாறிய பிள்ளைகளைப் பெற்றோர் தவறாமல் அனுப்பி வைக்க வேண்டுகிறேன்.